வாரத்துக்கு ஒரு டீ கிளாஸ்

எங்கள் காரில் வாரத்துக்கு ஒரு டீ கிளாஸ் அளவு கூலன்ட் காணாமல் போய்க்கொண்டிருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. ராத்திரி இன்ஜினுக்கு அடியில் விரித்துவைத்த அட்டைப்பெட்டி காலையில் போட்டபடியே உலர்ந்து கிடக்கும். புகைக்குழாயில் வெள்ளைப் புகை கிடையாது. டேஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் நடுவில் அசையாமல் நின்றது. எல்லாம் சரியாக இருந்தது, கூலன்ட் மட்டும் குறைந்தது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்த மாதிரிக் குறைகளோடு எனக்குப் பழக்கம் உண்டு. தடாலென்று விழுகிற புரோகிராம் ஒரு வகையில் நல்ல புரோகிராம். எந்த வரியில் விழுந்தேன் என்று சொல்லிவிட்டு விழும். நாள்கணக்கில் நினைவகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டு, நாம் பார்க்கப் போகும்போது மட்டும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும் ஒன்று இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். அதற்கும் எங்கள் தொழிலில் கசிவு என்றுதான் பெயர்.

வேறு சமயமாக இருந்தால் ஒரு பாட்டில் கூலன்ட் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு ஆறு மாதம் ஓட்டியிருக்கலாம். ஆனால் அப்போது அம்மாவுக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது. 21 நாளுக்கு ஒருமுறை வால்பாறையிலிருந்து கோயம்புத்தூருக்குக் கூட்டி வர வேண்டும். மருந்து ஏற்றி, ஒரு நாள் எங்கள் வீட்டில் படுக்கவைத்து, மறுபடி மலையேற்றிக் கொண்டுபோய் விட வேண்டும். "எம்பட வீட்டுல படுத்தாத்தான் கண்ணு தூக்கம் வருது" என்பார். டாக்ஸியில் அனுப்பலாம்தான். வாந்தி வந்தால் நிறுத்தச் சொல்ல அம்மா கூச்சப்படுவார். அந்நியர் முன்னால் அடக்கிக்கொண்டே 40 கொண்டை ஊசி வளைவும் ஏறிவிடுவார். அதனால் கார்தான், நான்தான்.

இறங்கும்போது பிரச்சினை இல்லை, இன்ஜினுக்கு வேலை குறைவு. ஆழியாறு தாண்டித் திரும்பி ஏறுவதுதான் சோதனை. இரண்டாவது கியர், குறைந்த வேகம், எதிர்காற்று இல்லை, ஏசி வேறு. இன்ஜின் சூடாகக்கூடிய எல்லா நிலைமையும் ஒன்றாகச் சேரும் இடம் அது. சாயங்காலம் தாண்டினால் யானை நிற்கும். அந்த ரோட்டில் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, மருந்து ஏறிய உடம்போடு அம்மா பின் சீட்டில் காத்திருப்பதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

முள் நடுவில்தானே நிற்கிறது என்று கேட்கலாம். பல கார்களில் அந்த முள்ளை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 105 வரை வெப்பம் எங்கே இருந்தாலும் அது நடுவில்தான் நிற்கும். ஓட்டுபவர் வீணாகப் பயந்து சர்வீஸ் சென்டருக்கு ஓடிவராமல் இருக்க ஓர் ஏற்பாடு. முள் நகர ஆரம்பிக்கும்போது விஷயம் ஏற்கெனவே கைமீறிக்கொண்டிருக்கும். அதைவிட மோசம், கூலன்ட் மிகவும் குறைந்துபோனால் சென்சார் திரவத்தில் இல்லாமல் காற்றில் நிற்கும். உள்ளே வெந்துகொண்டிருக்க, வெளியே தப்பான அளவு காட்டும். அலுமினிய ஹெட் அந்தச் சூட்டில் வளைந்துவிட்டால் செலவு வேறு கணக்கு.

ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினேன். ஏசி அறையில் காபி கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு தாள் வந்தது. "வெளியே லீக் இல்லை. அப்படீன்னா உள்ளதான் சார் போகுது. ஹெட் கேஸ்கட்." இன்ஜினைத் திறக்க வேண்டும், 10 நாள் ஆகும், 58,000 ரூபாய். அடுத்த மருந்து நாளுக்கு 16 நாள் இருந்தது. வெளியே தெரியவில்லை என்பதற்கும் வெளியே இல்லை என்பதற்கும் நடுவில் 58,000 ரூபாய் தூரம் இருக்கிறது என்று தோன்றியது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

லாரி ஓட்டிய மாமா ஒருவர் போனில், "ரேடியேட்டர்ல ஒரு கை மஞ்சத்தூளப் போட்டு உடு மாப்ளே, அடச்சுக்கும்" என்றார். சிங்காநல்லூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "அடச்சுக்கும்ங்க தம்பி. ஓட்டையையும் அடைக்கும், ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும், ஹீட்டரையும் அடைக்கும். நடுவழியில நின்னா ஊர் போய்ச்சேர அது சரி. வைத்தியம் இல்லீங்க அது."

அவர் முதலில் பானட்டைத் திறக்கவே இல்லை. "எவ்வளவு குறையுது?" என்று கேட்டார். வாரத்துக்கு ஒரு டீ கிளாஸ் என்றேன். "அது கண்ணு மதிப்புங்க. அளந்தீங்களா?" ரிசர்வ் டாங்க் பக்கத்தில் ஒரு வெள்ளை டேப்பைச் செங்குத்தாக ஒட்டினார். தினமும் காலையில், வண்டியை எடுக்கும் முன், ஒரே இடத்தில் நிறுத்தி, மட்டத்துக்குக் கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும். சூடாக இருக்கும்போது போட்ட கோடு செல்லாது. காரணம் எளியது. எங்கள் வண்டியில் மொத்தம் 4 லிட்டர் வாக்கில் கூலன்ட். குளிர்ந்த நிலையிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது அது விரிவதிலேயே 150, 200 மில்லி கூடிவிடும். காணாமல் போவதைவிட விரிவது அதிகம். நேரம் பார்க்காமல் அளந்தால், ஒருநாள் குறையும், ஒருநாள் கூடும், நமக்குப் பைத்தியம் பிடிக்கும்.

நான்கு நாள் கோடு போட்டேன். ஆபீஸுக்கு மட்டும் போய்வந்த நாட்களில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன. பொள்ளாச்சி வரை வேகமாகப் போய்வந்த மறுநாள் ஒரு விரல் தடிமன் இறங்கியிருந்தது. நிறுத்தி வைத்தால் போவதில்லை, ஓடும்போதுதான் போகிறது. அட்டைப்பெட்டி ஏன் உலர்ந்திருந்தது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

ஐந்தாம் நாள் பட்டறையில் சோதனைகள். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் காட்டினார். ஆயிலோடு தண்ணீர் கலந்திருந்தால் டீக்கடைப் பால் ஆடை மாதிரி வெளுத்துப் படிந்திருக்கும். சுத்தமாக இருந்தது. அடுத்து ஆறிய ரேடியேட்டரின் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து அதில் நீலத் திரவத்தை ஊற்றி, இன்ஜினை ஓட விட்டார். ஹெட் கேஸ்கட் உடைந்திருந்தால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகும். அதிலுள்ள கரியமில வாயு பட்டால் நீலம் மஞ்சளாகும். பத்து நிமிடம் இருவரும் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். நீலம் நீலமாகவே இருந்தது. "கேஸ்கட் இல்லீங்க தம்பி" என்றார். 58,000 ரூபாயை மறுத்த ஒரு ஸ்பூன் திரவம்.

ரேடியேட்டர் மூடியையும் விடவில்லை. பார்க்கச் சாதாரணத் தகர மூடி, ஆனால் வேலை குக்கர் வெயிட்டின் வேலை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல்மட்டத்துக் கணக்கு. கிட்டத்தட்ட 3,500 அடி உயரத்திலிருக்கும் வால்பாறையில் 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மூடி 0.9 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்துவைப்பதால்தான், தண்ணீரும் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலன்ட் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. சூடான இன்ஜினில் அந்த மூடியைத் திறக்காதே என்று சொல்வதும் இதனால்தான். அழுத்தம் போன கணமே கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். எங்கள் மூடி நன்றாக இருந்தது. கைப்பம்பால் காற்றடித்து அழுத்தம் ஏற்றி வைத்தபோது, அரை மணி நேரத்தில் மீட்டர் முள் ஒரு மயிரிழை இறங்கியது. கசிவு உண்டு, எங்கே என்று தெரியவில்லை.

அப்புறம் சாயம். கூலன்ட்டில் சில சொட்டு விட்டால் போதும், புற ஊதா வெளிச்சத்தில் மின்னும். அதற்கென்று விலை கூடிய விளக்கு இருக்கிறது. அண்ணன் வைத்திருந்தது கடையில் கள்ளநோட்டு பார்க்கும் டார்ச். சாயம் விட்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். மூன்றாம் நாள் ராத்திரி எட்டரை மணிக்குப் பட்டறை விளக்கையெல்லாம் அணைத்தார். கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றை இன்ஜினின் பக்கவாட்டில் விட்டு, டார்ச்சை அடித்தார். "வாங்க, வந்து பாருங்க."

வாட்டர் பம்ப்பின் வயிற்றுக்குக் கீழே நத்தை ஊர்ந்த தடம் மாதிரி பச்சையாக ஒரு கோடு மின்னியது. இரண்டு விரல் நீளம். பகல் வெளிச்சத்தில் அங்கே வெறும் தூசிப் படிவுதான் தெரிந்தது. கசிந்த துளி கீழே விழுவதற்குள் இன்ஜின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிடுகிறது. மீதி உப்பு மாதிரி ஒட்டிக் காய்ந்துவிடுகிறது. மிச்சத்தை பெல்ட் தெறித்துவிடுகிறது. தன் தடயத்தைத் தானே துடைத்துக்கொண்டிருந்தது இன்ஜின்.

கோடு ஆரம்பித்த இடத்தில் தீக்குச்சி முனை போகும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. "ஓட்டை விழுந்துருச்சாங்ணா?" என்றேன்.

"இல்லீங்க. அது கம்பெனியே போட்ட ஓட்டை."

பம்ப்பின் ஒரு பக்கம் கூலன்ட், மறுபக்கம் தண்டைத் தாங்கும் பேரிங். நடுவில் ஒரு சீல். சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கரைத்துவிடும். பேரிங் ஒருநாள் நடுரோட்டில் இறுகி நின்றுவிடும். அதனால் சீலுக்கும் பேரிங்குக்கும் இடையில் வெளியே பார்த்து ஒரு துளை வைக்கிறார்கள். சீல் தளர ஆரம்பித்ததும் முதல் சொட்டு அந்த வழியாக வெளியே வரும். பட்டறைக்காரர்களும் வீப் ஹோல் என்றுதான் சொல்கிறார்கள். நேர்த்தமிழில் அழும் துளை. "அதுல எம்சீல் வெச்சு அடைச்சுட்டு வர்ற ஆளுங்களையும் பாத்திருக்கேன்" என்றார் அண்ணன். "வாயைப் பொத்துனா நோவு போயிருமுங்களா?"

மறுநாள் வேலை முடிந்தது. கூலன்ட்டை வடித்து ஒரு கேனில் பிடித்தார். வாசலில் படுத்திருந்த நாயைப் பையனை விட்டு விரட்டினார். கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும். பெல்ட், புல்லி, போல்ட்டுகள், பம்ப் கையில் வந்தது. பழைய பம்ப்பின் தண்டைச் சுற்றிப் பார்க்கக் கொடுத்தார். மணலில் தேய்ப்பதுபோல் நறநறத்தது. இன்னும் ஓரிரு மாதம் என்றார். அலுமினியத்தில் கீறல் விழாமல் பழைய கேஸ்கட்டைச் சுரண்டவே அரை மணி நேரம். புது பம்ப், எதிரெதிராக போல்ட் முடுக்கு, பிறகு கூலன்ட். "சிறுவாணித் தண்ணிதானுங்ணா, கலந்தா என்ன?" என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "குடிக்கறதுக்கு அமிர்தமுங்க. இதுக்கு டிஸ்டில்டுதான்." ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுக் குமிழ் நிற்கும்வரை, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருந்தார். உள்ளே சிக்கிய காற்று வெளியே வராவிட்டால் அத்தனையும் வீண். மொத்தம் 4,300 ரூபாய். மருந்து நாளுக்கு ஒரு வாரம் மிச்சம் இருந்தது.

அந்த ஒரு வாரமும் கோடு போட்டேன். ஏழு தேதிகள், ஒரே கோடு.

மருந்து ஏற்றிய மறுநாள் மலையேறினோம். இன்ஜினோடு இணைத்த சின்னக் கருவி வழியாகப் போனில் நிஜ வெப்பம் ஓடிக்கொண்டிருந்தது. 91, 94, 96. ஃபேன் ஓடியதும் 92. ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் நின்றன. அம்மா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "வண்டி ஓட்டையக் கண்டுபுடிச்சுட்டாங்களா?" என்று கேட்டார். நான் அவரிடம் அதைப் பற்றிச் சொன்னதே இல்லை. நான் போனில் பேசியதைக் கேட்டிருக்கிறார்.

பம்ப் கதையைச் சொன்னேன். அந்தத் துளை எதற்கு என்பதையும் சொன்னேன்.

"அப்ப அது ஒழுகறது நல்லதுக்குத்தானா?"

"ஆமாம்மா. ஒழுகலீன்னா தெரியாது."

ஒவ்வொரு முறையும் டாக்டர் அம்மாவிடம் கேட்பார். விரல் மரத்துப்போகிறதா, கால் எரிகிறதா. மருந்து நரம்பைப் பாதிக்கலாம், ஆரம்பத்திலேயே சொன்னால் அளவைக் குறைக்கலாம், தள்ளிப்போட்டால் மரத்தது மரத்ததாகவே நின்றுவிடலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் அம்மா, "ஒண்ணுமில்லீங்க டாக்டர், நல்லாருக்கறேன்" என்பார். முந்தின நாளும் அதையேதான் சொல்லியிருந்தார்.

அட்டகட்டி தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வெரல் நுனியெல்லாம் மரமரன்னு இருக்குது கண்ணு. ஜாக்கெட்டுக்கு ஊக்கு மாட்ட வர்றதில்ல. பூச்சியாட்டம் ஊருது, ராத்திரிதான் ஜாஸ்தி."

வண்டியை ஓரம் கட்டினேன். "எப்பருந்தும்மா?"

"போன மருந்துக்கு அஞ்சாம் நாளு. வெள்ளிக்கெழம. வெளக்குத் திரி திரிக்க வரல, அதான் ஞாபகம்."

ரொட்டிக்கடையில் சிக்னல் வந்ததும் மருத்துவமனைக்குப் பேசினேன். என்ன மரத்தல், எந்த விரல்கள், எந்த நேரத்தில், எப்போதிலிருந்து என்று நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அம்மா பின் சீட்டிலிருந்தே தேதியோடு பதில் சொன்னார்.