எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர்

ஊரில் யாராவது "அமெரிக்காவில் என்ன வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டால் "வில்லங்கம் பார்க்கிறேன்" என்பேன். சிரிப்பார்கள், ஆனால் உடனே புரிந்துவிடும். கலிஃபோர்னியாவில் ஒரு வீடு கைமாறுமுன், விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா, அதன்மேல் அடமானமோ வரி பாக்கியோ கோர்ட் தீர்ப்போ நிற்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். டைட்டில் கம்பெனிகளுக்காக அப்படிப் பார்த்துச் சொல்பவர்களில் நானும் ஒருத்தி. இங்கே கணினி வேலையில் இருக்கும் நம்மவர்களிடம் சொன்னால், "அதெல்லாம் ஆன்லைன்ல வந்துடலையா?" என்பார்கள். பாதி வந்துவிட்டது. மீதிப் பாதிக்காகத்தான் மார்ட்டினெஸிலும் ஓக்லண்டிலும் உள்ள பதிவு அலுவலகங்களுக்கு வண்டி ஓட்டுகிறேன்.

ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்டால் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுப்போம். நிலத்தைச் சொன்னால் ஆட்களின் பெயர் வரும். இங்கே கவுண்ட்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் இது தலைகீழ். விலாசத்தைச் சொல்லித் தேட முடியாது. எழுதிக் கொடுத்தவர்கள் வரிசை ஒன்று, எழுதி வாங்கியவர்கள் வரிசை ஒன்று, இரண்டும் அகர வரிசையில். இன்றைய சொந்தக்காரரை வாங்கியவர் வரிசையில் பிடித்து, அவருக்கு எழுதிக் கொடுத்தவரைக் கண்டு, அந்த ஆளை மறுபடி வாங்கியவர் வரிசையில் தேடி, இப்படியே பின்னால் போக வேண்டும். போன வழியிலேயே திரும்பி வந்து, ஒவ்வொருவரும் தன் காலத்தில் அதே மனையை இன்னொருவருக்கும் எழுதிக் கொடுத்தாரா, அடமானம் வைத்தாரா என்று கொடுத்தவர் வரிசையில் பார்க்க வேண்டும். மனை வாரியான அட்டவணையை டைட்டில் கம்பெனிகள் தங்கள் செலவில் தனியாக வைத்திருக்கின்றன. அரசாங்கத்தின் புத்தகம் பெயரை மட்டுமே அறியும்.

அந்தப் புத்தகம் பத்திரத்தை வாங்கிப் பதிந்து வைக்குமே தவிர, நிலம் இன்னாருடையதுதான் என்று உறுதி கொடுக்காது. 1868-ல் பென்சில்வேனியாவின் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. வழக்கறிஞரின் கருத்தை நம்பி ஒருவர் வில்லங்கம் இல்லை என்று சொல்ல, அதை நம்பி வாங்கியவர் பணத்தை இழந்தார். சொன்னவர் கவனக்குறைவாக இல்லை, எனவே நஷ்டம் வாங்கியவருக்கே என்றது தீர்ப்பு. 1876-ல் ஃபிலடெல்ஃபியாவில் இத்தகைய நஷ்டத்தை ஈடுகட்டும் முதல் டைட்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வந்தது அதன் விளைவு. என் சம்பளமும் அங்கிருந்துதான் வருகிறது.

பெயரைப் பிடித்து நிலத்துக்குப் போகும் ஊரில் தமிழர்கள் வீடு வாங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டாம். அப்பா பெயர் ஒரு பத்திரத்தில் பின்னால் நிற்கும், அடுத்ததில் முன்னால் வரும், மூன்றாவதில் ஒற்றை எழுத்தாகிவிடும். கணவரின் பெயரைக் கடைசியில் சேர்த்துக்கொண்ட மனைவி, அந்தப் பெயரையே கடைசியில் தாங்கிய பிள்ளைகள், ஆனால் கணவருக்குக் கடைசிப் பெயர் தாத்தாவுடையது. ஒரே கூரையின் கீழ் இருக்கும் இவர்களை ஒரே குடும்பம் என்று எந்த அட்டவணையும் காட்டாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு விசாவில் 'முதற்பெயர் தெரியாது' என்பதன் சுருக்கமாக எஃப்என்யூ என்று அடித்துவிடுவார்கள். அது ஓட்டுநர் உரிமத்துக்குப் போய், கடன் விண்ணப்பத்துக்குப் போய், கடைசியில் கிரயப்பத்திரத்திலும் ஏறிவிடும். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், இந்த எஃப்என்யூ குடும்பத்துக்கு இத்தனை வீடா என்று உண்மையாகவே வியந்தார். விற்கும் நாளில் 'இவரும் அவரும் ஒருவரே' என்று நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கித்தான் அந்தச் சங்கிலியை ஒட்ட வேண்டியிருக்கிறது.

பழைய தொகுதிகளில் எனக்கு ஆசை அதிகம். நடு இருபதாம் நூற்றாண்டின் நகல்கள் கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாக இருக்கும். நெடுநேரம் படித்தால் கண் கூசும். விலையை யாரும் நேராக எழுதுவதில்லை. பத்து டாலரும் மதிப்புள்ள பிற பிரதிபலனும் பெற்றுக்கொண்டதாகவே எல்லோரும் எழுதியிருப்பார்கள். ஆனால் 1940 முதல் 1967 முடியும்வரை ஒவ்வொரு 500 டாலருக்கும் 55 சென்ட் என்று மத்திய அரசின் வரி வில்லை ஒட்ட வேண்டும். நகலில் 13 டாலர் 20 சென்டுக்கு வில்லை தெரிந்தால் வீடு 12,000-க்குப் போயிருக்கிறது என்று கணக்குப் போடலாம். வாங்கியவர் பழைய அடமானத்தைத் தானே ஏற்றுக்கொண்டிருந்தால் இந்தக் கணக்குத் தப்பும். 1968-ல் அந்த வரி போனதும் கலிஃபோர்னியாவின் கவுண்ட்டிகள் அதே விகிதத்தைத் தாங்கள் எடுத்துக்கொண்டன. விருந்தில் வீட்டு விலையைக் கேட்கக் கூசுகிறவர்களுக்கு நான் பத்திரத்தின் முதல் பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். வரித்தொகை அங்கேயே இருக்கும், யாரும் பார்க்கலாம்.

இதே தொகுதிகளில்தான் மனைகள்மேல் விதித்த நிபந்தனைகளும் இருக்கின்றன. கழிவுநீர்க் குழாய் எங்கே போகும், வேலி எத்தனை அடி உயரம் இருக்கலாம் என்பவற்றுக்கு நடுவே, வெள்ளை இனத்தவர் தவிர வேறெவரும் வீட்டு வேலைக்காரராக அல்லாமல் இங்கே குடியிருக்கலாகாது என்று சாதாரணமாக ஒரு வரி வரும். 1948-ல் ஷெல்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தர முடியாது என்றது. 1968-ன் நியாய வீட்டுவசதிச் சட்டம் அதைச் சட்டவிரோதமாக்கியது. தாளில் மட்டும் அது அப்படியே கிடந்தது. 2021-ல் கலிஃபோர்னியா போட்ட சட்டத்தின்படி கவுண்ட்டிகள் அவற்றைத் தேடி, அந்த வரியை மறைத்துத் திருத்தப் பிரதி பதிய வேண்டும். எனக்கு இதில் அரை மனசுதான். அந்த வரி தன் வீட்டுப் பத்திரத்திலேயே இருக்கக் கண்ட ஒருவர் அதைக் கிழித்துப்போட நினைப்பது புரிகிறது. ஆனால் அதைப் படிக்கும் வாய்ப்பு அவர் பிள்ளைக்கு வேண்டாமா? மூலப் பதிவை அழிப்பதில்லை என்பதால் சமாதானப்படுகிறேன்.

நிலத்தில் குடியிருக்கத் தடை ஒரு பக்கம் என்றால், பெயரே ஏறக்கூடாது என்ற தடை இன்னொரு பக்கம். குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று 1913-ல் கலிஃபோர்னியா சட்டம் போட்டது. முதல் குறி ஜப்பானியர். 1920-ல் குத்தகை வழியையும் அடைத்தார்கள். இந்தியர்கள் அந்தத் தகுதியற்றவர் பட்டியலில் சேர்ந்தது 1923-ல், பகத் சிங் திண்ட் வழக்கில், குடியுரிமைச் சட்டம் சொல்லும் 'வெள்ளையர்' இந்தியர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது. இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தியும் கீரையும் விளைவித்த பஞ்சாபிகள் நிலத்தை மெக்சிகோ வழிவந்த மனைவியர் பெயரிலும், இங்கேயே பிறந்ததால் குடியுரிமை பெற்ற பிள்ளைகள் பெயரிலும், நம்பிக்கையான வெள்ளைக்கார நண்பர்கள் பெயரிலும் வைத்தார்கள். உழுதவன் யார் என்று புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 1946-ல் லூஸ்-செல்லர் சட்டம் வந்தபின்தான் இந்தியர்களுக்குக் குடியுரிமைக் கதவு திறந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்த தலீப் சிங் சௌந்த் 1949-ல் குடிமகனாகி 1956-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். 1913-ன் அந்த நிலச் சட்டம் சட்டப்புத்தகத்திலிருந்து நீங்கியதும் அதே 1956-ல்தான்.

அன்று நிலத்தைக் காப்பாற்ற மனைவி பெயரில் எழுதினார்கள். இன்று என் மேசைக்கு வரும் நம்மவர் பத்திரங்களில் மனைவியின் பெயர் விலகிப்போவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். கணவருக்கு வேலையும் கடன் மதிப்பெண்ணும் இருக்கும். சார்பு விசாவில் வந்த மனைவிக்கு இரண்டும் இருக்காது. கடன் கணவர் பெயரில் மட்டும் வரும். கலிஃபோர்னியாவில் திருமணத்துக்குப்பின் சம்பாதித்தது இருவருக்கும் பொது. அதனால் அவர் தனியாக வாங்க வேண்டுமானால், எனக்கு இதில் உரிமையில்லை என்று மனைவி கணவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கையெழுத்து நாளில் நோட்டரி நீட்டும் கட்டுத் தாள்களில் அது ஒரே ஒரு பக்கம். பதிவானதும், எழுதி வாங்கியவர் வரிசையில் ஒருமுறையும் வராத அவள், எழுதிக் கொடுத்தவர் வரிசையில் மட்டும் நிற்பாள். ஊரில் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த பெண்களை நமக்குத் தெரியும். 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டம் மணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்கு தந்த பிறகும், சீர்தான் செய்தாயிற்றே என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். இங்கே அந்தப் பேச்சுகூடக் கிடையாது. லோனுக்கு வேண்டும் என்றால் போதும்.

சான் ரமோனில் தெரிந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, வீடு எங்க ரெண்டு பேர் பேர்லயும்தானே இருக்கும்?" பார்த்துச் சொன்னேன். அவளுக்கு முகம் மாறியது. மாற்ற முடியுமா என்றாள். கணவர் இருவர் பெயரிலும் திரும்ப எழுதிப் பதிந்தால் போதும். கணவன் மனைவிக்குள் கைமாறினால் கைமாற்று வரி கிடையாது, சொத்து வரியும் ஏறாது, நோட்டரிக்கும் பதிவுக்கும் ஆகும் சில்லறைதான் செலவு என்றேன். அவள் கணவர் நல்ல மனிதர், மறுக்கவில்லை. "அதுக்கென்னக்கா, அடுத்த ரீஃபைனான்ஸ் வரும்போது சேர்த்துடலாம்" என்றார். அது 2021. அவர்கள் கடனுக்கு வட்டி மூன்று சதவீதத்துக்கும் கீழே. மறுவருடமே வட்டி ஏழு சதவீதத்தைத் தொட்டது. மூன்று சதவீதக் கடனை விட்டுவிட்டு யார் ரீஃபைனான்ஸ் செய்வார்கள்?