மலைமேல் சோழன் மாளிகை

கம்பத்திலிருந்து ஜீப்புகள் விடியும் முன்பே கிளம்பிவிடுகின்றன. ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போகும் பெண்களை அடைத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி ஏறி, கம்பம்மெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். பெயர்ப்பலகைகள் உடனே மலையாளத்துக்கு மாறுகின்றன. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. ஜூலை 3 வந்தால், கொட்டும் மழையிலும் சிரியன் கிறிஸ்தவர்களின் தேவாலயங்களில் கூட்டம் நெரியும். புனித தோமாவின் நினைவு நாள். 'துக்றானா' என்பார்கள்.

இவர்களின் கலை மார்க்கம்களி. மரபுப்படி, குத்துவிளக்கைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் கைதட்டி ஆடுகிறார்கள். விளக்கு ஏசு, ஆடுபவர்கள் சீடர்கள். பாட்டைக் காது கொடுத்துக் கேட்கும் தமிழரைத் திடுக்கிட வைக்கும் ஒரு பெயர் அதில் உண்டு: சோழ ராஜா! மாளிகை கட்டச் சொல்லி தோமாவிடம் அரசன் பணம் தருகிறான். அவர் அதை ஏழைகளுக்கு வாரி இறைத்துவிடுகிறார். மாளிகை எங்கே? சொர்க்கத்தில்.

சுவையான கதைதான். ஆனால் சோழனுடையது அல்ல. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய துருக்கியில் உள்ள எடெஸ்ஸா நகரில் சுரியானி மொழியில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் 'தோமாவின் பணிகள்' நூலில் இதே கதை இருக்கிறது. அங்கே அரசன் பெயர் குந்தபோரஸ். வெறும் கற்பனைப் பெயர் என்றிருந்தவர்களின் வாயை, 1830களில் காபூல் பக்கம் கிடைத்த நாணயங்கள் அடைத்தன. அப்படி ஒரு மன்னன் முதல் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்டிருக்கிறான்.

எழுதியவர் யார்? பெயர் இல்லை. திருமண இரவிலேயே மணமக்களைத் துறவுக்குத் திருப்பும் தோமாவை வரைந்த அந்த ஆசிரியர், கடும் துறவுக் கொள்கையில் ஊறியவர் என்பது மட்டும் தெரிகிறது. திருச்சபை இந்நூலை விவிலியத்தில் சேர்க்கவில்லை. மயிலாப்பூர் என்ற பெயரும் அதில் இல்லை.

அப்படியானால் கேரள மரபு நூலிலிருந்து பிறந்ததா, அல்லது இரண்டுக்கும் மூலம் வேறா? பதில் தந்திருக்கக்கூடிய ஏடுகள் பலவும் போய்விட்டன. 1599இல் உதயம்பேரூரில் கூடிய சங்கத்தில், போர்த்துகீசிய ஆர்ச்பிஷப் மெனெசிஸ் சுரியானி நூல்கள் பலவற்றை எரிக்கவைத்தார்.

வடக்கே பாலக்காட்டு எல்லையில் வேறு வகை சாட்சியம். வாளையாறில் மலைத்தொடர் விலகி, சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு வழிவிடுகிறது. முசிறித் துறைமுகத்துக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே வணிகம் நடந்த வழி இது. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842 முதல் பலமுறை ரோமானிய நாணயக் குவியல்கள் கிடைத்தன. கப்பலில் ஒரு யூதர் வந்திருக்க முடியும் என்பதற்கு இது சான்று. வந்தார் என்பதற்கு அல்ல.

கி.பி. 52இல் வந்து தோமா நிறுவியதாகச் சொல்லப்படும் ஏழு தேவாலயங்களில் ஒன்றுகூட இந்த இரு மாவட்டங்களிலும் இல்லை. இங்குள்ள சிரியன் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் 20ஆம் நூற்றாண்டில் நிலம் தேடி மலையேறிய திருவிதாங்கூர்க் குடும்பத்தினர். பாலக்காடு மறைமாவட்டமே 1974இல்தான் உருவானது, இடுக்கி 2003இல். மண் புதிது, கூட வந்த பாட்டுதான் பூர்வீகச் சொத்து.

அதனால்தான் கோபமும் சட்டென்று வருகிறது. 2006 செப்டம்பரில் போப் 16ஆம் பெனடிக்ட், தோமா மேற்கு இந்தியா வரை சென்றார், அங்கிருந்தே கிறிஸ்தவம் தென்னிந்தியாவை எட்டியது என்ற பொருள்படப் பேசியபோது கேரளத்தில் எதிர்ப்பு கிளம்பியது. குந்தபோரஸின் நாட்டுக்கு அப்போஸ்தலரை விட்டுக்கொடுக்க யாரும் தயாராக இல்லை.

பள்ளிக் கலோல்சவங்களில் மார்க்கம்களியும் ஒரு போட்டி. பரிசுக்கு அடம்பிடிக்கும் பாலக்காட்டுப் பள்ளிகளும் வெள்ளைச் சட்டையும் விசிறி மடிப்பு முண்டுமாக மேடையேறுகின்றன. நடுவர்கள் பார்ப்பது காலடியையும் தாளத்தையும். அரசன் சோழனா, குந்தபோரஸா என்று யாரும் மார்க் குறைப்பதில்லை.