வாங்கிக்கொண்டவனின் தருமம்

கோபுரத்தின் மேலேறி ரகசிய மந்திரத்தை ஊருக்கே உரக்கச் சொன்னார் ராமானுஜர் என்பது குருபரம்பரைக் கதை. 1017இல் அவர் பிறந்ததாகச் சொல்லும் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், ஒரகடத்துப் பட்டறை ஒன்றுக்குக் கம்ப்யூட்டரில் சம்பளக் கணக்கு அமைக்கிறான் என் அக்காள் மகன்.

அதற்கு அவன் எடுத்துக்கொண்ட அஸ்திவாரம் 'ஃப்ராப்பே'. மும்பையில் ருஷப் மேத்தா என்பவர் தம் குடும்பத்து மரச்சாமான் வியாபாரத்துக்காகத் தொடங்கிய முயற்சியில் விளைந்தது. மூல நிரல் முழுவதையும் யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

"சும்மா கிடைத்ததை அப்படியே பூட்டிவிட வேண்டியதுதானே?" என்றேன்.

"200 பேர் ஓவர்டைம், மாமா!" என்றான்.

மூலத்திலிருந்து தானே கட்டியெழுப்பிச் சோதனைகளை ஓட்டினான். வாத்தியார் போடுவதுபோல் 'சரி' குறிகள் வரிசையாக விழுந்தன; நடுவே ஒரு பெருக்கல் குறி. இரவெல்லாம் வரிவரியாகத் துழாவினான். கோளாறு நிரலில் இல்லை. அவன் கம்ப்யூட்டரின் நேர அமைப்பில் இருந்தது. சோதிக்காமல் விட்டிருந்தால், யாரோ ஒரு தொழிலாளியின் ஒரு மணிக் கூலி சத்தமில்லாமல் மறைந்திருக்கும்.

ஒளிக்காமல் கொடுப்பது பெரிய தருமந்தான். கொடுத்ததைப் பிரித்துப் பார்த்து வாங்கிக்கொள்வதும் அதற்குக் குறைந்ததல்ல.