சொல்லாமல் அறும் சங்கிலி

“தாண்டாதீங்க தம்பி. சுத்தி வாங்க.”

தரையில் தளர்ந்து கிடந்த இரும்புக் கயிறு அது. ஒரு முனை ரெக்கவரி வண்டியின் பின்னால், மறுமுனை வேப்பமரத்தடியில். இழுப்பு எதுவும் இல்லை, வெறுமனே கிடந்தது. தாண்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“இன்னைக்கு ஒண்ணும் ஆகாதுங்க. கால் பழகிக்கும். அப்புறம் விறைச்சு நிக்கிற ரோப்பையும் அதே கால் தாண்டும்” என்றார் பெரியவர். மரத்தைச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஓமலூரிலிருந்து தீவட்டிப்பட்டி போகும் வழியில், நாலுவழிச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது அந்த இடம். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு ரெக்கவரி வண்டிகள், வெளுத்துப்போன பெயர்ப்பலகை. பலகையில் போன் நம்பர் மட்டும் புதிதாக எழுதப்பட்டிருந்தது. பெரியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். சங்ககிரி லாரி ஒன்றில் கிளீனராக ஏறியவர். இழுவை வேலைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கூட இருப்பது அக்கா மகன், டிப்ளமோ படித்தவன். இன்னொரு பையன் மேச்சேரிப் பக்கத்துக்காரன்.

கவிழ்ந்த லாரியை எப்படித் தூக்குகிறார்கள் என்று எழுதத்தான் நான் போனேன். நல்லவேளையாக அன்று பகல் முழுக்க ஒரு வண்டியும் கவிழவில்லை. அதனால் வண்டி கவிழாத நாளில் இந்த ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்க்க முடிந்தது. சங்கிலி துடைக்கிறார்கள், கயிறு சுற்றுகிறார்கள். இந்தத் தொழிலில் பாதி இதுதான், இந்தப் பாதிக்குக் கூலி கிடையாது.

இந்தத் தொழில் இங்கே நிலைத்ததற்குக் காரணம் சாலை. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலை, வயசாளிகளுக்கு இன்னமும் செவன் ரோடு, தர்மபுரியைத் தாண்டியதும் தொப்பூர்க் கணவாயில் சரசரவென்று இறங்குகிறது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிவரும் வண்டிக்கு எஞ்சினின் பிடிமானம் போய்விடும். பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். டிரம் சூடேறியபின் பெடலை எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை. அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகளைப் பத்திரிகை படிக்கிற எல்லோரும் அறிவார்கள். மேற்கே மேச்சேரியை அடுத்த பொட்டனேரியில் ஜே.எஸ்.டபிள்யூ இரும்பாலை. தெற்கே கஞ்சமலை அடிவாரத்தில் 1981 முதல் தகடு உருட்டும் சேலம் உருக்காலை. ஆக, இரும்பு ஏற்றிய டிரெய்லர்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. 2018 இல் மத்திய அரசு டிரெய்லர் வண்டிகளின் மொத்த எடை வரம்பை 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்த்தியது. வண்டிக்காரர்களுக்கு லாபம்தான். இழுப்பவர்களோ அந்த ஆறு டன்னையும் சங்கிலியில்தான் தாங்க வேண்டும்.

ஆனாலும் 55 டன்னையும் சங்கிலி அப்படியே தூக்குவதில்லை. இருபது அடிக்கு ஓர் அடி ஏறும் தார்ச்சாலையில் அந்த வண்டி உருளாமல் பிடித்து நிறுத்த 2.75 டன் இழுப்புப் போதும். அதே வண்டி ஓடைச் சேற்றில் அச்சுவரை புதைந்துவிட்டால் கணக்கே வேறு. “ரோட்டுல இழுக்கிறது விளையாட்டு. பள்ளத்துல இழுக்கிறதுதான் வேலை.”

கொட்டகைச் சுவரில் மேலே ஓர் ஆணி. அதற்குச் சரியாக ஒரு மீட்டர் கீழே வெள்ளை பூசிய ஆணி. அதற்கும் ஐந்து சென்டிமீட்டர் கீழே சிவப்பு பூசிய ஆணி. புதுச் சங்கிலி வாங்கியதும் மேல் ஆணியில் மாட்டி, வெள்ளை ஆணிக்கு நேராக வரும் வளையத்தில் பெயின்ட் வைக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு வேலை முடிந்ததும் அதே ஆணியில் மாட்டிப் பார்க்கிறார்கள். பெயின்ட் வளையம் சிவப்பைத் தொட்டால் அந்தச் சங்கிலியின் ஆயுள் முடிந்தது. தர நிர்ணயப் புத்தகங்கள் சொல்வதும் இதே ஐந்து விழுக்காடுதான். வளையத்தின் தடிமன் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலும் தள்ளிவிட வேண்டும். அந்த ஆணிகள் மருமகன் வந்தபிறகு அடித்தவை. அதற்கு முன்பு பெரியவர் காதை நம்பினார். சங்கிலியைத் தூக்கிக் கல்லில் போட்டு ஓசை கேட்பாராம். விரிசல் விட்ட வளையம் ‘கணீர்’ என்னாது, ‘சத்’தென்று விழும். இப்போதும் யாரும் பார்க்காதபோது போட்டுப் பார்க்கிறார் என்று மருமகன் சிரித்தான்.

அன்று காலையில் ஒரு சங்கிலியைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதம். பெயின்ட் வளையம் சிவப்பு ஆணிக்கு அரை விரற்கடை மேலே நின்றது. “வேண்டாம் மாமா, கழிச்சிடலாம்.” “இன்னும் தொடலையேடா மாப்ளே. சின்ன வேலைக்கு ஆகும்.” பெரியவர்தான் முதலாளி. சங்கிலி டிரம்முக்குத் திரும்பியது.

சங்கிலியா, ரோப்பா என்பது இந்தத் தொழிலின் தீராத வழக்கு. எண் 80 ரகத்தில் 13 மில்லிமீட்டர் சங்கிலி 5.3 டன் வரை பாதுகாப்பாக வேலை செய்யும். மீட்டருக்கு 3.8 கிலோ கனம். கிட்டத்தட்ட அதே வேலையை 20 மில்லிமீட்டர் ஒயர் ரோப் மீட்டருக்கு 1.6 கிலோவில் முடித்துவிடும். மழையில் பள்ளத்துக்குள் தோளில் போட்டு இறங்குகிறவனுக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் பாறையில் உரசினால் சங்கிலி தாங்கும், ரோப் பிசிறும்.

“சங்கிலி சொல்லாம அறும். ரோப்பு சொல்லிட்டு அறும்” என்றார் பெரியவர். முழுக்க உண்மை என்று சொல்லமாட்டேன். நல்ல சங்கிலி அறுவதற்கு முன் நீளும், அதற்குத்தானே சுவரில் ஆணி. ஆனால் ஒரே ஒரு வளையம் கெட்டிருந்தால் மீதி அத்தனையும் வீண் என்பது உண்மை. ரோப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகள் இருக்கின்றன. பத்து அறுந்தால் பத்து முள்ளாக வெளியே நீட்டிக்கொள்ளும். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் இதே வழக்குதான் நடந்தது. சங்கிலிகள் அறுந்து அறுந்து விழுவதைப் பார்த்துச் சலித்த வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி, 1834 இல் நான்கு நான்கு கம்பிகளை மூன்று புரியாகக் கையால் முறுக்கி முதல் இரும்புக் கயிற்றைச் சுரங்கத்தில் இறக்கினார். பெரியவரிடம் இதைச் சொன்னேன். “அவரும் அறுந்ததைப் பாத்திருப்பார்” என்றார், அவ்வளவுதான்.

ரோப்பைச் சோதிக்கும் முறை எளிது. திருப்பூர் பனியன் வேஸ்ட்டை ஒரு பிடி எடுத்துக் கயிற்றைச் சுற்றிப் பிடித்தபடி மெல்ல நடக்க வேண்டும். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். வெறுங்கையால் செய்தவர்களின் உள்ளங்கையில் அதன் கோடுகள் இருக்கும். பெரியவர் கையில் இருந்தன.

மதியம் அவர் ஒரு ரோப்புக்குக் கண்ணு போட்டார். பார்த்த வேலைகளிலேயே என்னை அசையாமல் உட்கார வைத்தது இதுதான். அறுந்த முனையைச் சமமாக வெட்டி, ஆறு புரியையும் மூன்று மூன்றாகப் பிரித்தார். நடுவிலிருக்கும் சணல் ஒரு பக்கத்தோடு போனது. தேவையான நீளத்துக்குப் பிரித்தபின், இரண்டு பாதியையும் எதிரெதிராக வளைத்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்தார். பிறகு ஒரு பாதியை மற்றதன் பள்ளத்தில் படியவிட்டுச் சுற்றிக்கொண்டே வந்தார். ஆலையில் முறுக்கும்போதே ஒவ்வொரு புரியும் தன் வளைவை வாங்கிக்கொண்டுவிடுகிறது. விட்ட இடத்தில் மறுபடி போய் உட்கார அதற்குத் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் பிரித்த கயிறு முழுக் கயிறாகவே ஒரு வளையமாகி நின்றது. வால் முனைகளைக் கழுத்தோடு சேர்த்து மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டினார். கருவி என்று பார்த்தால் ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு கட்டிங் பிளேயர். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

கண்ணு போடத் தெரியாதவர்கள் யூ கிளாம்ப் போடுகிறார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. யூ வடிவக் கம்பி கயிற்றின் குட்டை வால் பக்கம் அமுங்க வேண்டும், அகலமான தாடை பாரம் தாங்கும் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் யூ கம்பி உயிர்க்கயிற்றையே நசுக்கிவிடும். நெடுஞ்சாலையோரம் நிற்கும் வண்டிகளில் அதற்குப் பிறகு நான் எண்ணிப் பார்த்தேன். ஏழில் மூன்று மாறித்தான் இருந்தன.

வைப்பதற்கென்று முறைகள் உண்டு. ரோப்புகள் சுவரில் பதித்த பழைய லாரி ரிம்களில் சுற்றப்பட்டிருந்தன. வளைவு அகலமாக இருந்தால்தான் கம்பி களைக்காது. தன் தடிமனே உள்ள ஊசியில் ரோப்பை மடித்தால் பாதி பலம் போய்விடும். சேசிஸின் கூரான விளிம்பில் மடித்தாலும் கிட்டத்தட்ட அதே கதிதான். அதனால் டயரிலிருந்து அறுத்த ரப்பர்த் துண்டுகள் ஒரு சாக்கு நிறைய இருந்தன, விளிம்புக்கும் கயிற்றுக்கும் நடுவே வைக்க. கண்ணி விழுந்த ரோப்பைச் சுத்தியால் தட்டி நேராக்கலாம், உள்ளே ஒடிந்தது ஒடிந்ததுதான். சங்கிலிகள் அடியில் ஓட்டை போட்ட அரை டிரம்களில், அளவு வாரியாக. டிரம்கள் சிமென்ட் தரையில் இல்லை, கட்டைமேல் இருந்தன. ஈரம் கீழே வடிய வேண்டும், மேலே ஏறக்கூடாது.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் நான் மருமகன் கட்சி. பெரியவர் எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைத்தான் ரோப்புக்குத் தடவுவார். அதில் அமிலம் ஏறியிருக்கும், இரும்புத் தூள் கலந்திருக்கும், வெளியே அப்பிக்கொண்டு மண்ணைச் சேர்க்குமே தவிர உள்ளே இறங்காது என்கிறான் பையன். புது கியர் ஆயிலை லேசாகச் சூடாக்கித் தடவினால் நடுச்சணல் விளக்குத்திரி மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். “காசு யாரு தர்றது?” என்பது பெரியவரின் பதில். அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

மூன்று மணிக்கு ஒரு டிரெய்லர் வந்து நின்றது. பிரேக்குக்குக் காற்று சரியாகப் போகவில்லை. கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவே தொங்கும் சிவப்பு, மஞ்சள் சுருள் ஹோஸ்களைத் தூசியோடு சேசிஸ்மேல் தேயவிட்டிருந்தார்கள். சிவப்பில் காற்று வராமல் போனால் டிரெய்லர் தானாகவே பிரேக் பிடித்து நின்றுவிடும். மஞ்சளில் வராமல் போனால்தான் ஆபத்து, பெடல் மிதித்தாலும் பின்னால் பிடிக்காது. மேச்சேரிப் பையன் மஞ்சள் வாயைக் கழற்றித் தட்டினான். காய்ந்த மண் உதிர்ந்தது. குளவிக் கூடு. இரண்டு வாரம் டிரெய்லரைக் கழற்றி நிறுத்தியிருந்தார்களாம், வாய்க்கு மூடி போடவில்லை. மூடியை மாட்டிவைக்கவே வண்டியில் ஓர் இடம் உண்டு. டிரைவர் தலையைச் சொறிந்தார். “இந்தக் காட்டுல வீடு கட்ட இடமா இல்லை அதுக்கு?” என்றார் பெரியவர். ஹோஸ்களைச் சைக்கிள் டியூப் பட்டையால் ஒரு ஸ்பிரிங்கில் தொங்கவிட்டுக் கட்டி அனுப்பினார்கள். வண்டி திரும்பும்போது நீளும், நேராகும்போது சுருங்கும், எதிலும் உரசாது.

ஆறரைக்குப் போன் வந்தது. காடையாம்பட்டிப் பக்கம் குச்சிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர். கொக்கி ஊசி முறிந்து, பெட்டி தனியாக வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தது. இழுவைச் சட்டத்துக்கு அடியில் இரண்டு சங்கிலியைக் குறுக்காகப் போட்டிருந்தால், ஊசி போனாலும் சட்டம் தொட்டிலில் விழுந்த மாதிரி அதில் தாங்கியிருக்கும். எங்கள் பக்கத்து சேகோ ஆலை வாசல்களில் வரிசை கட்டும் டிராக்டர்களில் அப்படிப் போட்டவற்றை விரல்விட்டு எண்ணலாம். சின்ன வேலை என்று காலையில் வாக்குவாதப்பட்ட சங்கிலியையே எடுத்துக்கொண்டார்கள்.

பழுதான வண்டியை இழுக்கும்போது இரண்டுக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, கயிறோ சங்கிலியோ மற்றவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், 24 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்று 2017 வரை நடப்பிலிருந்த 1989 ஆம் ஆண்டுச் சாலை விதிகள் சொல்லின. மருமகன் சங்கிலியின் நடுவே ஒரு ஈரச் சாக்கைப் போட்டான். கண்ணுக்குத் தெரியவும் அதுதான், அறுந்தால் எகிறி வராமல் அமுக்கவும் அதுதான். டிராக்டர்க்காரரிடம் சங்கிலி விறைத்தபிறகே ஏறு, குதிக்கவிடாதே என்று மூன்று முறை சொன்னார் பெரியவர். அவரும் மூன்று முறை தலையாட்டினார். பிறகு கிளட்சைப் படாரென்று விட்டார். சாக்கு ஒரு முழம் துள்ளியது.

பெட்டி மேலே வர இருபது நிமிஷம். “இருபது நிமிஷத்துக்கு இவ்வளவா?” என்று பேரம் பேசி, முந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார்கள்.

கொட்டகைக்குத் திரும்பியதும் குழாயைத் திறந்து சேறு கழுவினார்கள். ஒவ்வொரு வளையமாகப் பனியன் வேஸ்ட்டால் துடைக்க முக்கால் மணி நேரம். பசித்தது, யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. துடைத்த சங்கிலியை மருமகன் மேல் ஆணியில் மாட்டினான். செல்போன் வெளிச்சத்தில் நாங்கள் நால்வரும் குனிந்து பார்த்தோம். பெயின்ட் வளையம் சிவப்பு ஆணியின்மேல் உட்கார்ந்திருந்தது.

பையன் மாமாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கழித்த சங்கிலியை முழுதாக வெளியே போடுவதில்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து யாராவது வாங்கிப் போய் மாட்டிவிடுவார்கள் என்பதால் துண்டு துண்டாக வெட்டித்தான் போடுகிறார்கள்.

“கேஸ் கட்டரை எடுத்தா மாப்ளே” என்றார் பெரியவர்.