எழுத்துக் கூலி

திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடி. பழைய வேட்டியை விரித்து மோர்மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்த பெண் நாகர்கோவில்காரி. தொழில் காப்பிரைட்டர். ஆன்லைனில் விற்கிற சரக்குக்கு விற்பனை வாசகம் எழுதுவது. அந்த வேலையைக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றுதான் நான் போயிருந்தேன். அவளை வரவழைத்தது அந்த வீட்டு மாமியின் மகன். கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்க்கிறவர், அம்மாவின் மோர்மிளகாய்க்கும் வடாமுக்கும் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"ரெண்டு பக்கம் எழுத அய்யாயிரமாம். மிளகா கிலோ என்ன விக்கறதுன்னு அவளுக்குத் தெரியுமோ?" என்றார் மாமி என்னிடம், அவள் காதில் விழும்படியே.

மாமியைக் குறை சொல்ல முடியாது. இந்தத் தெருவிலிருந்து கிள்ளிப்பாலம் பக்கம் இறங்கினால் சாலைக் கம்போளம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சந்தை. இருநூறு வருஷத்துக்கு மேலாக அங்கே விற்பனை வாசகத்துக்கென்று யாரும் தனியாகக் கூலி கொடுத்ததில்லை. கடைக்காரர் வாயே போதும். வருகிற ஆளின் முகத்தைப் பார்த்து, தமிழா மலையாளமா என்று கணித்து, சரக்கைக் கையில் கொடுத்து முகரச் சொல்வார். அதே சாலைத் தெருவில் பாத்திரக்கடை நடத்திக்கொண்டேதான் ஆ. மாதவன் 'கிருஷ்ணப்பருந்து' நாவலை எழுதினார். 2015இல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கினார். விற்கிற வாயும் எழுதுகிற கையும் ஒரே ஆளிடம் இருந்தது அபூர்வம்தான். மாமிக்கு வாய் உண்டு. ஆனால் புனேயில் இருந்துகொண்டு போனில் மிளகாயின் படத்தைப் பார்ப்பவருக்கு அந்த வாய் கேட்காது.

அன்று அந்தப் பெண் ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"காம்பை ஏன் மாமி கிள்ளாம விட்டிருக்கிய?"

"காம்பு போனா விதை கொட்டிடும். எண்ணெயில விதை விழுந்தா வெடிக்கும்."

"கீறினதுக்கப்புறம் எவ்வளவு நேரம் மோருல கிடக்கணும்?"

"ராத்திரி பூரா. கார்த்தால எடுத்து வெயில்ல போடுவேன். சாயங்காலம் திரும்பவும் அதே மோருக்குள்ள."

பேனா நின்றது. "காஞ்சதைத் திரும்பவுமா?"

"பின்னே? மோர் பூராவும் மிளகாய்க்குள்ள போற வரைக்கும் தினம் போட்டுப் போட்டு எடுக்கணும். எல்லாராத்துலயும் அப்படித்தானே!"

"எல்லாரும் செய்யுதாவ மாமி. ஆனா விக்கிற யாரும் சொல்லலையே."

அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்றொரு விளம்பர எழுத்தாளர் இருந்தார். ஷ்லிட்ஸ் என்ற பீர் கம்பெனி அவரை அழைத்தது. எல்லா பீர்க்காரர்களும் 'சுத்தமானது' என்று கூவிக்கொண்டிருந்த காலம். ஹாப்கின்ஸ் ஆலைக்குள் போய்ப் பார்த்தார். பாட்டில்களை நீராவியில் கழுவுவது, ஆழ்கிணற்றிலிருந்து தண்ணீர் எடுப்பது, கண்ணாடி அறைக்குள் பீரைக் குளிரவைப்பது, எல்லாம் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. 'எல்லா ஆலையிலும் இதுதானே வழக்கம்' என்றார்கள் முதலாளிகள். அவர் அதையே எழுதினார்; சரக்கு ஓடியது. 1923இல் அவர் எழுதிய 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' இன்றும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் படிக்கிற புத்தகம். நாகர்கோவில்காரி அதைப் படித்திருந்தாளா என்று நான் கேட்கவில்லை. படித்தாலும் படிக்காவிட்டாலும் மாடியேறி வராமல் அந்தச் சாயங்கால மோர் அவளுக்குக் கிடைத்திருக்காது.

பிறகு கீழே கூடத்தில் உட்கார்ந்து, வாங்கியவர்கள் எழுதியிருந்த புகார்களை லேப்டாப்பில் ஒன்றுவிடாமல் படித்தாள். அதிகம் வந்தது ஒரே புகார்: 'பொரித்தால் கறுத்துப்போகிறது, கருகின சரக்கு.' மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. மோர்மிளகாய் கரும்பழுப்பாகத்தானே பொரியும்! வெள்ளை வெளேரென்று இருக்க அது என்ன அரிசி வடாமா? ஆனால் பாட்டி இல்லாத வீட்டில் முதல்முறையாக வாங்கிப் பொரிப்பவருக்கு அது எப்படித் தெரியும்? 'அடுப்பைச் சின்னதாக வையுங்கள். கரும்பழுப்பு நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள், அதுதான் பதம்' என்று பக்கத்தில் எங்கேயும் சொல்லியிருக்கவில்லை. பழைய பக்கத்தில் இருந்ததெல்லாம் 'பாரம்பரியச் சுவை, வீட்டுக் கைமணம், நூறு சதவீதம் இயற்கை' என்ற வகையறா. மகன் ஏதோ ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கி ஒட்டியது. மோர்மிளகாயை எடுத்துவிட்டு மாங்காய் ஊறுகாய் என்று போட்டாலும் அப்படியே பொருந்தும்.

அந்த வார்த்தைகளில் வேறு சிக்கலும் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் விளம்பரங்களுக்கென்று விதிமுறை கொண்டுவந்தது. 'இயற்கை', 'பாரம்பரியம்' போன்ற சொற்களை நினைத்தபடி போட முடியாது, நிபந்தனை உண்டு. 'வீட்டில் செய்தது' என்று சொல்லி வாங்குகிறவருக்குத் தவறான எண்ணம் உண்டாக்கக் கூடாது. அதே வருஷம் ஜனவரியிலிருந்து, எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் விவரம் எல்லாம் ஆன்லைன் பக்கத்திலும் தெரிய வேண்டும் என்பதும் சட்டமாகிவிட்டது. பாக்கெட்டின் பின்பக்கம் மட்டும் அச்சடித்தால் போதாது. இதையெல்லாம் சரிபார்ப்பதும் அந்த ஐயாயிரத்துக்குள் அடக்கம். மாமி அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

சரி, ஐயாயிரம் மீளுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்லாச் செலவும் போக பாக்கெட்டுக்கு 25 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். 5,000 ரூபாய் என்பது 200 பாக்கெட் லாபம். பக்கத்தைப் பார்க்கிற நூறு பேரில் இரண்டு பேர் வாங்கிக்கொண்டிருந்தது, நல்ல எழுத்தால் மூன்றாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 பேர் பார்த்தால் கூடுதலாக 20 பாக்கெட், 500 ரூபாய். பத்து மாதத்தில் கூலி மீண்டுவிடும். மாதம் நூறே பேர் பார்க்கிற பக்கமென்றால் கூடுவது ஒரு பாக்கெட். கூலி மீள 200 மாதம், பதினாறு வருஷத்துக்கும் மேல். யாரும் எட்டிப்பார்க்காத கடைக்கு எவ்வளவு நல்ல எழுத்து எழுதியும் பிரயோஜனமில்லை. அந்த நிலையில் இருப்பவர்கள் காப்பிரைட்டரைத் தேடிப் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. அவளும் மறுக்கவில்லை. மாதத்துக்கு எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைத்தான் மகனிடம் முதலில் கேட்டாளாம். ஆயிரத்துக்குக் கீழே என்றால் வந்திருக்கவே மாட்டாளாம்.

பணம் திருப்பிக் கொடுப்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 'கருகின சரக்கு' என்று ஒருவர் பணத்தைத் திரும்பக் கேட்டால் சரக்கும் போச்சு, கூரியர் கூலியும் போச்சு. ஐந்தாறு பாக்கெட் லாபம் ஒரே புகாரில் கரைந்துவிடும். பதத்தைச் சொல்லும் அந்த இரண்டு வரி புதிதாக ஒரு ஆளையும் பிடித்துத் தராது. வந்த காசு திரும்பிப் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும்.

சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறவர்கள் உண்டு, பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களும் உண்டு. மாமி மூன்றாவதாக ஒன்று சொல்லிப் பார்த்தார்: "வித்தா நூத்துக்குப் பத்து தரேன், எடுத்துக்கோ." பெண் ஒப்புக்கொள்ளவில்லை. படம் எடுப்பது மகன், விலை வைப்பது மாமி, உடைக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது கூரியர்காரர். விற்காமல் போனால் பழி மட்டும் எழுத்துக்கா? அவள் பேச்சில் நியாயம் இருந்தது. சொல்லுக்குக் கூலி என்ற ஏற்பாடோ எனக்கு அதைவிட மோசமாகப் பட்டது. சுருக்கமாக எழுதுகிறவருக்கு அதில் நஷ்டம். வளவளவென்று எழுதினால் லாபம்.

கடைசியில் பேசி முடிந்தது இப்படி: இப்போது 2,500. பாக்கி மூன்று மாதம் கழித்து, 'கருகின' புகார் பாதியாகக் குறைந்திருந்தால். இடவப்பாதி மழை தொடங்கினால் மாடியில் ஒன்றும் காயாது, அதனால் கையிருப்பு தீர்ந்ததும் பக்கத்தில் 'அடுத்த சரக்கு மாசி வெயிலுக்கு' என்று போட வேண்டும் என்பதும் அவள் யோசனை. சரக்கு இல்லை என்று நாமே ஊருக்குச் சொல்வதா என்று மாமி முறைத்தார். மகன் அம்மாவைப் பார்க்காமல் போனில் பணத்தை அனுப்பினார்.

"வடாமுக்கும் எழுதணுமே, அதுக்கும் இதே ரேட்டுதானா?" என்றார் மாமி.

"வடாம் பிழியிற அன்னைக்குச் சொல்லுங்க மாமி, வந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."