டாக்டர் வண்டிகள்

பழைய கார் பார்க்கப் போனால் நாம் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்பதுதான். விற்கிறவரும் அதற்காகவே காத்திருப்பார். "அறுபத்திரெண்டாயிரந்தாண்ணே. டாக்டர் வண்டி. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுந்தான் எடுப்பாரு." மதுரை பைபாஸ் ரோட்டிலும் கே.கே. நகர்ப் பக்கமும் சொந்தக்காரர்களுக்குத் துணையாகப் போய் நான் பார்த்த பழைய கார்களில் பாதிக்கு மேல் டாக்டர் வண்டிகள். மீதி, ரிட்டயர்டு வாத்தியார் வண்டிகள். இந்த ஊரில் கார் வைத்திருந்த வியாபாரிகளும் காண்ட்ராக்டர்களும் தங்கள் வண்டிகளை என்ன செய்தார்கள் என்பது இதுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பெட்ரோல் வண்டிக்கு அந்தக் கேள்வி ஓரளவு பொருந்தும். டீசலுக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. பத்து வருஷத்தில் அறுபதாயிரம் ஓடிய டீசல் கார் என்றால் இரண்டில் ஒன்று. மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். அல்லது நிஜமாகவே அவ்வளவுதான் ஓடியிருக்கிறது. இரண்டாவதும் அப்படியொன்றும் நல்ல சேதி இல்லை. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டில் எண்ணெயைப் பற்றவைக்கிறது. அது முழுச் சூட்டுக்கு வரவே சில கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். கே.கே. நகரிலிருந்து சிம்மக்கல்லுக்கு, கோரிப்பாளையம் சிக்னலில் நின்று நின்று போய் வருகிற வண்டி பாதிச் சூட்டிலேயே அணைக்கப்படுகிறது. கரி வெளியே போகாமல் இ.ஜி.ஆர். வால்விலும் டர்போவிலும் படிகிறது. எஞ்சின் ஆயிலிலும் கலக்கிறது. மீட்டர் குறைவாகக் காட்டும், உள்ளே இருமல் இருக்கும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இது இன்னும் மோசம். புகைக்குழாயில் இருக்கிற கரிவடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும்.

பிறகு எதற்கு ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களும் டீசல் வாங்கினார்கள்? விலைதான். 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. லாரிக்காரருக்கும் விவசாயிக்கும் என்று அரசு தாங்கிப்பிடித்த விலையில் நடுத்தரக் குடும்பங்கள் கார் ஓட்டின. 2014 அக்டோபரில் டீசல் விலையையும் சந்தைக்கு விட்டார்கள். இடைவெளி சுருங்கிப்போனது. 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் 101 ரூபாய்க்குப் பக்கம், டீசல் 92 ரூபாய்ச் சொச்சம். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் காரையே நிறுத்திவிட்டது. ஆகவே இன்று மதுரையில் விற்பனைக்கு நிற்கிற குடும்ப டீசல் கார்களில் பெரும்பகுதி அந்த மலிவுக் காலத்தின் மிச்சம்.

கணக்கு இவ்வளவுதான். ஏழு பேர் உட்காருகிற வண்டி பெட்ரோலில் லிட்டருக்கு 14, டீசலில் 18 என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பத்தாயிரம் ரூபாய். இன்ஜெக்டர் பழுதானாலோ டர்போ போனாலோ சில வருஷத்து மிச்சம் ஒரே நாளில் போய்விடும். அப்படிப்பட்டவர் டீசல் பக்கமே வர வேண்டாம். பெட்ரோல் வாங்கி நிம்மதியாக இருக்கலாம்.

என் தங்கச்சி வீட்டுக் கதை வேறு. உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறார்கள். அவள் மாமியாருக்கு, எங்களுக்கு அத்தை, வாரம் இரண்டு தடவை, சில வாரம் மூன்று தடவை மதுரையில் டயாலிசிஸ். போக 40, வர 40. வாடகைக் காருக்கு வெயிட்டிங்கோடு இரண்டாயிரம் ஆனது. இது மட்டுமே வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் வரும். குலசாமி கோயில், கல்யாணம், காதுகுத்து தனி. ஒவ்வொரு தடவையும் எஞ்சின் நன்றாகச் சூடாகிற தூரம். டீசல் இவர்களுக்குத்தான். சீட்டு எடுத்த பணமும் இரண்டு வளையலை விற்ற பணமும் சேர்ந்து ஐந்து லட்சத்து முப்பதாயிரம் கையில் இருந்தது. வழியில் வண்டி நின்றால் இவர்களுக்குத் தவறுவது சினிமா இல்லை, டயாலிசிஸ். ஆகவே என்னை மட்டும் நம்பாமல், தத்தனேரிப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற எனக்குத் தெரிந்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனோம். வண்டிக்கு ஆயிரம் ரூபாய் வாங்குவார். வேண்டாம் என்று சொல்வதற்கும் அதே ஆயிரந்தான்.

முதல் வண்டி டிஎன் 69, தூத்துக்குடி. நம்பர் பிளேட்டே பாதி ஜாதகம் என்பார் அண்ணன். 65 ராமநாதபுரம், 69 தூத்துக்குடி என்றால் கடல் உப்பு. அடியில் குனிந்து துரு பார்க்க வேண்டும். 57 திண்டுக்கல், 60 தேனி என்றால் மலை ஏறி இறங்கியிருக்கலாம். க்ளச்சையும் பிரேக்கையும் பார்க்க வேண்டும். டெல்லி நம்பர் என்றால் அங்கே பத்து வருஷமான டீசலுக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையையும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் நினைத்துக்கொள்ள வேண்டும். விலை மலிவாகத் தெரியும், என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி முடிக்கும்போது மலிவு கரைந்திருக்கும்.

தூத்துக்குடி வண்டி வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது. மாப்பிள்ளைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அண்ணன் பானட்டைத் திறக்கவே இல்லை. பின் சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். முதல் முக்கால் பகுதி சுத்தமாக இருந்தது. சுருண்டு உள்ளே இருக்கிற கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு. சீட்டுக்கு அடியில் போல்ட்டெல்லாம் துரு. ஸ்டெப்னி இருக்கிற குழியில் விரலை விட்டுத் தேய்த்துக் காட்டினார், வண்டல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது ஞாபகம் இருக்கும். தண்ணீரில் நின்ற கார்களெல்லாம் ஆக்கர் கடைக்குப் போகவில்லை. காற்று போகிற வழியில் தண்ணீர் புகுந்து, அதோடு யாராவது செல்ஃப் அடித்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். எஞ்சினைச் சரிசெய்தாலும் ஒயரிங் சாக்கெட்டுகளில் பச்சை பூத்து மாசத்துக்கு ஒரு விளக்கு எரியும். தூத்துக்குடி நம்பர் எல்லாமே வெள்ள வண்டி என்று சொல்லவில்லை. மதுரை நம்பர் என்பதாலும் தப்பித்துவிட முடியாது. 2024 அக்டோபரில் செல்லூர் எப்படி இருந்தது என்று அங்கே இருக்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

இரண்டாவதுதான் நம் டாக்டர் வண்டி. 62 ஆயிரம். பிரேக் பெடல் ரப்பர் புத்தம் புதுசு, ஸ்டீயரிங் உறையும் புதுசு. அறுபதாயிரத்தில் பெடல் ரப்பரை எதற்கு மாற்ற வேண்டும்? டிரைவர் சீட்டின் வலது ஓரம் இறங்கும்போது உரசி உரசிப் பஞ்சு தெரிகிற அளவுக்கு வந்திருந்தது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஐந்து டயரில் ஒன்றுகூடக் கம்பெனியோடு வந்ததில்லை. தெரிந்த பையன் ஒருவன் மூலம் சர்வீஸ் ரெக்கார்டை எடுத்தோம். 2019-லேயே 1,34,000.

"டாக்டர் ரிவர்ஸ்லயே ஓட்டியிருப்பாரு போல மச்சான்" என்றார் மாப்பிள்ளை. அன்றைக்குத்தான் பளபளப்பு மோகம் அவருக்குக் கொஞ்சம் விட்டது.

மீட்டரைக் குறைக்கிறவர்களை நான் பெரிதாகத் திட்ட மாட்டேன். ஒன்றரை லட்சம் என்று உண்மையைச் சொன்னால் நாம் பக்கத்திலேயே போக மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். நாம் கேட்கிற எண்ணைத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வண்டி புரோக்கரிடம் இல்லை. விளாங்குடியில் ஒரு வீட்டு வாசலில் நின்றது. 2014 எர்டிகா, டிஎன் 58, மீட்டரில் 1,48,000. முன் பம்பரில் கீறல், மேல்கூரை பெயிண்ட் வெளுத்திருந்தது. சொந்தக்காரர் ஜவுளி வியாபாரம், வாராவாரம் கோயம்புத்தூர் போய் வந்தவர். ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து டீப்பாயில் கவிழ்த்தார். எல்லாம் சர்வீஸ் பில். பத்தாயிரத்துக்கு ஒன்று, வரிசையாக. 90 ஆயிரத்தில் க்ளச் மாற்றிய பில்லும் இருந்தது. "இதெல்லாம் எதுக்கு வச்சிருக்கீங்கன்னு வீட்ல திட்டுவாங்க" என்றார்.

அண்ணன் முன்கூட்டியே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். காலையில் ஆறு மணிக்கு வருவோம், அதற்கு முன் வண்டியை எடுக்கக்கூடாது. போனதும் பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. முதலிலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்த டீசல் எதையும் சொல்லாது. குளிர்ந்த எஞ்சின் மறைக்காது. ஒரே செல்ஃபில் எடுத்தது. மாப்பிள்ளையைப் பின்னால் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொன்னார். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறதா, இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். மிதிக்கும்போது கறுப்பு கொஞ்சம் வரும், மேகமாக வரக்கூடாது. அடுத்து, எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திருகி எடுத்து அப்படியே மேலே வைத்தார். மூடி லேசாக ஆடியது, துள்ளவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஓட்டை வழியாகக் குபுகுபுவென்று புகை வரும். ஒர்க்‌ஷாப்பில் அதை 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். அது வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும், பேரமே பேசக்கூடாது. டீசலில் ஆயில் கறுப்பாக இருப்பது சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. மூடிக்கடியில் மோர் மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தால் பயப்படலாம்.

மதுரையில் டீசல் வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் ஒரு சங்கடம். ஊர் தட்டை. சமதரையில் க்ளச்சும் டர்போவும் நடித்துவிடும். 2023 ஏப்ரலில் திறந்த நத்தம் ரோடு பறக்கும் பாலம் இதற்கு வசதி. 7.3 கிலோமீட்டர், சிக்னல் இல்லை. ஐந்து பேர் ஏறிக்கொண்டு, ஏ.சி. போட்டு, மூன்றாம் கியரில் முப்பதில் போகும்போது ஓங்கி மிதித்தோம். எஞ்சின் மட்டும் கத்தி வண்டி போகாவிட்டால் க்ளச் முடிந்தது. சைரன் மாதிரி ஊளை கேட்டால் டர்போ. இரண்டும் இல்லை. அப்புறமும் சந்தேகமிருந்தால் டீசலை நாம் போட்டு சிறுமலைக்கு விடலாம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறியும் சூட்டு முள் நகரவில்லை என்றால் ரேடியேட்டரைப் பற்றிக் கவலையில்லை.

இன்னொரு சௌகரியம், அதில் இருக்கிறது பியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின். ஸ்விஃப்ட், டிசையர், டாடா விஸ்டா, புன்டோ என்று அத்தனையிலும் அதே எஞ்சின். உசிலம்பட்டி மெக்கானிக்கே கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். அரிதான வெளிநாட்டு டீசல் காரை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு ஒரு சென்சாருக்காகச் சென்னையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

5,10,000 சொன்னார். 4,80,000-க்கு முடிந்தது. மிச்சம் ஐம்பதாயிரத்தைத் தொடாமல் வைத்திருங்கள் என்று தங்கச்சியிடம் சொன்னேன். ஆயில், டீசல் ஃபில்டர், கூலன்ட், முன் சஸ்பென்ஷன் புஷ் எல்லாவற்றுக்கும் முதல் வாரமே 23 ஆயிரம் ஆனது. 2014 வண்டி என்பதால் 2029-இல் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கிவிட்டார்கள். அதையும் விலை பேசும்போதே சொன்னோம்.

காகித வேலையில்தான் பலர் அசந்துவிடுகிறார்கள். புரோக்கர்கள் யாரோ கையெழுத்துப் போட்ட 29, 30 ஃபாரங்களைத் தேதி எழுதாமல் கொடுப்பார்கள். ஆர்.சி.யில் இருக்கிற ஆள் யாரென்றே நமக்குத் தெரியாது. லோனில் வாங்கிய வண்டி என்றால் ஆர்.சி.யில் ஹெச்.பி. இருக்கும், டியூ கட்டி முடித்தாலும் ஃபாரம் 35-உம் என்.ஓ.சி.யும் கொடுத்து நீக்காதவரை அது போகாது. பெயர் மாற்ற வாங்கியவருக்குச் சட்டம் 30 நாள் தருகிறது, இன்சூரன்ஸ் மாற்ற 14 நாள். விற்றவர் சும்மா இருந்தாலும் ஆபத்துதான். பெயர் மாறாமல் விபத்து நடந்தால் ஆர்.சி.யில் இருக்கிறவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜவுளிக்காரருக்கு இது தெரிந்திருந்தது. "நானே ஆர்டிஓ ஆபீஸுக்கு வர்றேன் தம்பி, ஒங்க தங்கச்சி பேருக்கு மாறுனாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார். வந்தார்.

ஆர்.சி. கைக்கு வர இருபது நாள் ஆனது. அதற்குள் ஏழு தடவை மதுரை போய்த் திரும்பிவிட்டார்கள். போகும்போது அத்தை நடு சீட்டில் உட்கார்ந்து வருவார், வரும்போது படுத்துக்கொள்வார்.