பூட்டி வைத்த கட்டங்கள்

எக்செல் வைத்துப் பாடம் நடத்துகிற ஆசிரியர் என்று எங்கள் வட்டாரத்தில் எனக்கு நல்ல பெயர். அதற்கு நான் தகுதியானவன் அல்ல. ஃபார்முலா இருந்த கட்டங்களையெல்லாம் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டித்தான் பிள்ளைகளிடம் கொடுத்தேன். அவர்கள் எண்ணைத் தட்டினால் விடை வரும், வரைபடம் வரும், பார்வையிட வந்த அதிகாரி பாராட்டுவார். விடை எப்படி வந்தது என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தேதான் அப்படி நடத்தினேன்.

இந்த வகைக் கருவிக்கான யோசனை பிறந்ததே வகுப்பறையில். 1978-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்தார் டான் பிரிக்லின். பேராசிரியர் கரும்பலகையில் போட்ட கணக்கில் ஓர் எண் மாறினால் அதைத் தொடர்ந்த கட்டங்களையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருந்தது. அதைப் பார்த்தவர், பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து 1979-இல் விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருளைக் கொண்டுவந்தார். ‘இந்த எண் மாறினால் என்ன ஆகும்’ என்று கேட்டுப் பார்ப்பதற்காக வந்த கருவி அது. அந்தக் கேள்வியைத்தான் நான் பூட்டினேன்.

வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்ததே எங்கள் வட்டாரத்துக் காக்களூரில்தான்.

ஒருநாள் பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் அப்பாவின் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்தான். அவர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. “சார், இதையும் ஷீட்ல போட்டுப் பாக்கலாமா? எது எதுக்குப் பிடிக்கிறாங்கன்னு அப்பாவுக்கே தெரியல.”

அதைவிட நல்ல பாடம் எனக்கு இனிக் கிடைக்காது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பி.எஃப். 12 சதவீதம். இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியின் பங்கு 2019 ஜூலையிலிருந்து 0.75 சதவீதம். சதவீதம், கூட்டல், கழித்தல், ஒரு கட்டம் இன்னொன்றைச் சார்ந்திருப்பது, எல்லாம் அந்த ஒரு சீட்டில் இருந்தன.

ஓ.டி. வரியும் இருந்தது. நாள் கூலி 520 ரூபாய், எட்டு மணி நேரத்துக்கு. மணிக்கு 65. அந்த மாதம் ஓ.டி. 30 மணி நேரம். கொடுத்தது 1,950 ரூபாய். அப்போதிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆவது பிரிவு சொன்னது இரட்டைக் கூலி. 3,900 வந்திருக்க வேண்டும். பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது.

“போர்ஷன் முடியட்டும்பா, அப்புறம் பாக்கலாம்” என்று சீட்டை மடித்துக் கொடுத்தேன். போர்ஷன் பாக்கி இருந்தது உண்மை, காரணம் அதுவல்ல. தாளைத் திறந்தால் அவனே கண்டுபிடிப்பான். அப்பா போய்க் கேட்பார். யார் சொல்லிக் கொடுத்தது என்ற கேள்வி பள்ளிக்கு வரும். எங்கள் வகுப்பு பெஞ்சுகள் அந்தத் தொழிற்பேட்டையிலிருந்து வந்த நன்கொடை. பயந்தேன்.

பிறகு ஒரு செய்தி படித்தேன். 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற அமெரிக்க மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற புகழ்பெற்ற பொருளாதார அறிஞர்களின் கணக்கைச் சரிபார்த்தார். சராசரி எடுத்த ஃபார்முலாவில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அவர் கேட்டபோது அந்த அறிஞர்கள் தங்கள் எக்செல் கோப்பையே அனுப்பி வைத்திருந்தார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உலகமே மேற்கோள் காட்டிய கணக்கை ஒரு மாணவருக்குத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரு மகனிடம் அவன் அப்பாவின் கூலிக் கணக்கையே மறைத்திருக்கிறேன்.

இப்போது எந்தத் தாளையும் பூட்டுவதில்லை. முதல் பாடமே சம்பளச் சீட்டு, ஓ.டி.யை ஒரு மடங்கு, இரண்டு மடங்கு என்று பிள்ளைகளே மாற்றிப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த மாணவன் படிப்பு முடித்துப் போய்விட்டான். அவன் அப்பாவைத் தேடிப் போனபோது, ஒப்பந்தம் முடிந்து அவரை நிறுத்திவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கேட்டு வாங்கியிருக்க வேண்டிய காலம் முழுக்க, அவருக்கு என்ன வர வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது; அவருக்குத் தெரியவில்லை.